அக்காவுக்கு எழுதாத வசனம்

நாடகத்தில் ஒரு கதவு வேண்டும் என்று எழுதிய நாளில் எனக்கு முழங்கால் வலி கிடையாது. அந்தத் திமிரில் எழுதிவிட்டேன். ‘மேடையின் இடப்பக்கம் பழைய வீட்டுக் கதவு ஒன்று, நிலையோடு, பாதி திறந்தபடி.’ எழுத ஒரு வரி. அந்த வரியைத்தான் ஆறு வருடமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறேன். போத்தனூரில் நாங்கள் ஒத்திகை பார்க்கும் மாடியிலிருந்து அதைக் கீழே இறக்க நான்கு பேர் வேண்டும். டெம்போவில் படுக்கவைத்து, கயிறு போட்டுக் கட்டி, போகிற ஊரில் இறக்கி, தரையில் ஆணியடிக்கக் கூடாது என்று சொல்கிற மண்டபக்காரரிடம் தலையாட்டி, மணல் மூட்டை முட்டுக் கொடுத்து நிறுத்த முக்கால் மணி நேரம் ஆகும். நாடகம் பதினைந்தே நிமிடம். ‘எளிய மேடையமைப்பு’ என்று ஒருவர் பாராட்டி எழுதியிருந்தார். அவரைக் கூப்பிட்டு ஒரு தடவை அந்தக் கதவின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்ல வேண்டும்.

நான் பம்பு கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கிறவன். மோட்டாரை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டு, சரி அல்லது சரியில்லை என்று சீட்டு ஒட்டுகிற வேலை. ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் குறுநாடகம். எனக்குக் கற்பனை வராது என்பதை இப்போதே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நான் எழுதியதெல்லாம் என் வீட்டு ஆட்கள். கிணற்று மோட்டாரைப் போட்டுவிட்டு, குழாயில் தண்ணீர் வந்து விழும்வரை யாரோடும் பேசாமல் நிற்கிற மனிதர் ஒருவர் என் நாடகம் ஒன்றில் வருவார். அது என் அப்பா. பந்தியில் மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கைகழுவும் இடத்தில் நின்று ரசத்தைக் குறை சொல்கிறவர் என் சின்ன மாமா. அவர் அந்த நாடகத்தைப் பார்த்ததிலிருந்து என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. ரசம் வைத்துக் கூப்பிட்டும் வரவில்லை.

என் மனைவி போனில் பேசிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே நுழைந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். கேட்டால், “ஏனுங்க, உங்க முன்னால பேசறதுக்கே பயமா இருக்குது. நாளைக்கு எவளோ ஒருத்தி மேடையில நின்னு என்ற வாயில பேசிட்டிருப்பா” என்பாள். பாதி கிண்டல், பாதி நிஜம். வருடம் போகப்போகக் கிண்டல் குறைந்துகொண்டே வருகிறது.

கதவு வருகிற நாடகம் என் கல்யாணத்தைப் பற்றியது. அதைச் சொல்வதற்குமுன் எங்கள் பக்கத்துச் சடங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் மணவறைக்கு வந்து அவன் பக்கத்தில் நிற்பாள். கல்யாணப் பெண்ணுக்கு எடுத்த சேலையின் ஒரு முனை தம்பி கையில், மறுமுனை அக்கா கையில். அருமைக்காரர் என்று நாங்கள் சொல்கிற, சடங்கு நடத்தும் பெரியவர் முன்நின்று செய்துவைப்பார். உனக்குப் பெண்டாட்டி வந்த பிறகும் நான் உனக்கு உண்டு, நீ எனக்கு உண்டு என்பதுதான் அதன் பொருள். கல்யாணத்தில் எனக்குப் பிடித்த ஒரே சடங்கு அதுதான்.

எனக்கு ஒரே ஒரு அக்கா. என் கல்யாணத்துக்கு மூன்று வருடம் முன்னால் மஞ்சள் காமாலையில் அவர் புருஷன், எங்கள் மாமா, போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போது அக்காவுக்கு இருபத்தேழு வயது. கையில் ஒரு பையன். புருஷன் இல்லாதவள் சீர் செய்யக் கூடாது என்று ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அதெல்லாம் மரியாதையாகத்தான் நடக்கும். கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “உங்கக்காளே வேண்டாம்னுட்டா கண்ணு. பெரியப்பா மக செய்யட்டும். நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத” என்று சொன்னார். சரி என்றேன். அக்கா அடுத்த அறையில்தான் இருந்தார். எழுந்து போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மறுநாள் காலை உடுமலைப்பேட்டை மண்டபத்தில் அருமைக்காரர், “இணைச்சீர்காரி யாருங்க? வரச் சொல்லுங்க” என்றார். பெரியப்பா மகள் உள்ளே எங்கோ தலைக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார் போல. வரவில்லை. மணவறைக்குப் பக்கத்தில் சாமான்கள் வைத்திருந்த அறை. அதன் கதவு பாதி திறந்திருந்தது. அக்கா அதற்குள் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இடுக்கில் பச்சையாக ஏதோ துணி தெரிந்தது. மாமா போன பிறகு அக்கா வெளிர் நிறம் தவிர எதையும் கட்டியதில்லை. அந்தப் பச்சை என்ன என்று எனக்கு யோசிக்கத் தோன்றவில்லை. பெரியப்பா மகள் பூவைச் சரிசெய்துகொண்டு வந்து சேர ஒரு நிமிடம் ஆகியிருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் யாரும் என் வாயைப் பொத்திப் பிடிக்கவில்லை. நான்தான் பேசவில்லை. பிறகு சீர் நடந்தது, தாலி கட்டினேன், பந்தி நடந்தது. அக்கா வந்து எனக்கு இலை போட்டார்.

இதைத்தான் இருபத்தைந்து வருடம் கழித்து நாடகமாக எழுதினேன். எழுதினேன் என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் என் நாடகத்தில் தம்பி பேசுகிறான். அருமைக்காரர் “இணைச்சீர்காரி யாருங்க?” என்று கேட்டதும், பெரியப்பா மகள் வருகிறாள் என்று அம்மா சொல்லப் போகும்போது, தம்பி எழுந்து நிற்கிறான். “எங்கக்கா வரட்டுங்க. அவங்க புடிக்காம இந்தச் சேலைய நான் தொட மாட்டனுங்க” என்கிறான். ஊரை எதிர்க்கிறபோதும் ‘ங்க’ போட்டுத்தான் எதிர்க்கிறான், அந்த ஒன்று மட்டும் உண்மை. பிறகு கதவைப் பார்த்துத் திரும்பி, “அக்கா, வாங்க” என்று கூப்பிடுகிறான். சேலையின் மறுமுனையைக் கதவு இடுக்கில் உள்ளே நீட்டுகிறான். உள்ளேயிருந்து ஒரு கை அதை இழுக்க, சேலை மேடைக்குக் குறுக்கே விறைத்து நிற்கிறது. விளக்கு அணைகிறது.

கைதட்டல் என்றால் கைதட்டல், அப்படியொரு கைதட்டல். சத்தியமங்கலத்தில் ஒரு அம்மா மேடைக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்கள மாதிரி ஒரு தம்பி எனக்கில்லாமப் போயிட்டானுங்களே” என்று அழுதார். நானும் கூசாமல் நின்றேன். பக்கத்தில் என் மனைவி நின்றிருந்தாள். அந்தக் கல்யாணத்தில் பெண்ணாக உட்கார்ந்திருந்தவளே அவள்தான். மேடையில் விறைத்து நிற்கிற சேலையும் அவளுடைய கல்யாணச் சேலைதான். ‘பெட்டியில வெச்சு என்ன பண்றது, எடுத்துட்டுப் போங்க’ என்று அவளே கொடுத்தது. திரும்பி வரும்போது டெம்போவில் அவள் அந்த நாடகக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாடகத்தில் மூன்று பேர்தான்: தம்பி, அம்மா, அருமைக்காரர். அக்கா கடைசிவரை மேடைக்கு வருவதில்லை. அதைப் பெரிய உத்தி என்று பேசுவார்கள். ‘காட்டாமல் காட்டுவது’ என்றெல்லாம் சொன்னார்கள். ஒரு மண்ணும் இல்லை. அக்காவுக்கு ஒரு வசனம்கூட எனக்கு எழுத வரவில்லை, அவ்வளவுதான். அன்றைக்கு அந்த அறைக்குள் உட்கார்ந்து அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. தெரியாததை எழுத எனக்கு வராது. அதனால் கதவை வைத்தேன். கதவுக்குப் பின்னால் சேலையை இழுப்பதற்கு ஒரு ஆள் வேண்டுமே, அதற்காக நானே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். ஆறு வருடமாக என் அக்காவின் இடத்தில் உட்கார்ந்து, தம்பி கூப்பிடுவதைக் கேட்டு, சேலையை இழுத்துக்கொண்டிருக்கிறேன். அப்போதும் அவருக்கு ஒரு வசனம் எனக்குத் தோன்றியதில்லை.

அக்கா நாடகம் பார்க்கிறவர் அல்ல. உடுமலைப் பக்கம் தோப்பு, மகனின் தேங்காய் மண்டி, பேரப்பிள்ளைகள் என்று அவர் பொழுது போய்விடும். அவர் காதுக்கு இது போகாது என்று தைரியமாக இருந்தேன். போன மாசியில் ஒரு நாள் கம்பெனியில் மோட்டார் சத்தத்துக்கு நடுவே போன் வந்தது.

“ஏங் கண்ணு, நல்லா இருக்கறயா? நாடகத்துல என்னையும் வெச்சிருக்கறயாமா?”

“யாருங்க அக்கா சொன்னது?” என்றேன்.

“சம்பந்தியூட்டுப் புள்ள பொள்ளாச்சி காலேஜ்ல பாத்துச்சாமா. வந்து சொல்லுச்சு. எனக்கும் ஒருக்கா பாக்கோணும். எப்பப் போடற?”

அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்கத்தான் வாய் வந்தது. கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு கோயமுத்தூரிலேயே போடுகிறோம், மதியம் மூன்று மணிக்கு என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். அன்று நான் சரி என்று சீட்டு ஒட்டிய மோட்டார்களில் எத்தனை சரியாக ஓடியதோ தெரியவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“நங்கையா வர்றாங்கன்னா நல்லதுதானுங்க” என்றாள். நங்கையா என்பது எங்கள் பக்கம் புருஷனின் அக்காவை அழைக்கும் முறை.

“நல்லதா? அவங்க முன்னால அந்தப் பொய்ய எப்படிடி பேச வெக்கறது?”

“ஊரெல்லாம் பேச வெச்சீங்கல்ல?” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கொத்தமல்லிக் காம்பைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

எனக்கு அப்போது ஒன்றே ஒன்றுதான் பயம். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, நான் செய்யாத வீரத்தை நான் செய்ததாக என் மேடையில் பார்ப்பார். முப்பது வருடம் அவர் எதையும் சொல்லிக் காட்டியதில்லை. பொங்கலுக்கு வருவார், என் பிள்ளைகளுக்கு எல்லாம் செய்வார், எனக்குக் கொள்ளுப் பருப்புக் கடைந்து தூக்குப் போசியில் கொடுத்தனுப்புவார். இந்தப் பதினைந்து நிமிடத்தோடு அது முடிந்துபோகும் என்று நினைத்தேன். செய்யாததுக்கு மன்னிப்பு உண்டு, செய்ததாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினதுக்கு எங்கே போய் மன்னிப்புக் கேட்பது? அதனால் முடிவை மாற்றுவது என்று தீர்மானித்தேன். உள்ளது உள்ளபடி. தம்பி பேச மாட்டான்.

அந்த வாரம் போத்தனூர் மாடியில் ஒத்திகை. அந்த மாடி ரயில் பாதைக்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. வண்டி போகிறபோது ஒரு வார்த்தை கேட்காது. அதனால் எங்கள் நடிகர்களுக்கு ஒரு பழக்கம்: வண்டி வந்தால் அப்படியே உறைந்து நிற்பார்கள், கடைசிப் பெட்டி போனதும் விட்ட இடத்திலிருந்து பேசுவார்கள். தம்பியாக நடிப்பவர் கோட்டைமேட்டுக்காரர், முஸ்லிம். தையல் கடை வைத்திருக்கிறார். எங்கள் கல்யாணச் சடங்கை என்னைவிடச் சுத்தமாகத் தெரிந்துவைத்திருக்கிறார். முடிவை மாற்றுகிறேன் என்றதும் அவர் முகம் செத்துவிட்டது.

“சார், அந்த வசனத்துக்குத்தானுங்க ஜனம் வருது. அது இல்லீன்னா நான் என்ன பண்றது? சும்மா நிக்கறதா?”

“ஆமாங்க. சும்மா நிக்கணும்.”

“எத்தன நேரம்?”

அந்த நேரம் பார்த்துப் பாலக்காட்டுப் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. பழக்கதோஷத்தில் மூன்று பேரும் உறைந்து நின்றார்கள். தம்பி கையில் சேலை முனையோடு கதவைப் பார்த்தபடி நின்றார். பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. கடைசிப் பெட்டி போனதும், “இத்தன நேரம்” என்றேன்.

“ஜனம் எந்திரிச்சுப் போயிருமுங்க சார்.”

“போகட்டும்.”

“அந்த வசனத்தச் சொல்றப்ப எனக்கே எங்கக்கா ஞாபகம் வருமுங்க” என்றார். பிறகு சரி என்று தலையாட்டிவிட்டுச் சேலையை மடித்து வைத்தார். நல்ல மனிதர். நான் கதவின் கீழ்க் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் மனைவி உக்கடம் பஸ் நிலையத்துக்குப் போய் அக்காவை ஆட்டோவில் அழைத்து வந்தாள். நூலகம் ஒன்றின் மாடியில் இருக்கும் சின்ன ஹால் அது. நான் மணல் மூட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அக்கா நிற்கிறார். பச்சைப் பட்டு. மடிப்பு விழுந்த இடமெல்லாம் கோடு கோடாக வெளுத்திருந்தது. பக்கத்தில் வந்ததும் அந்துருண்டை வாசம் வந்தது. மருமகள் சேலையாக இருக்கும், கோயமுத்தூருக்கு வருகிறோமே என்று கட்டி அனுப்பியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“வாங்கக்கா. சாப்புட்டீங்களா?”

“ஆச்சு கண்ணு. நீ ஏன் இப்படி எளச்சுப்போயிட்ட? இந்த மூட்டையெல்லாம் நீயா தூக்கற?” என்றபடி மேடையேறி வந்து கதவைத் தொட்டுப் பார்த்தார். “இது எதுக்குங் கண்ணு?”

“அதுக்குள்ளதாங்க்கா நீங்க இருக்கறீங்க.”

அக்கா கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். என் ஸ்டூல், தண்ணீர் பாட்டில், முழங்காலுக்குத் தேய்க்கிற தைலம்.

“பரவால்லயே, ஸ்டூலெல்லாம் போட்டிருக்கற. எனக்கு அன்னைக்கு அரிசி மூட்டதான்” என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முன்வரிசையில் நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் என் மனைவி.

நாடகம் ஆரம்பித்தது. நான் கதவுக்குப் பின்னால் ஸ்டூலில். பாதி திறந்த கதவின் இடுக்கு வழியாகப் பார்த்தால் முன்வரிசையில் ஒரு ஆள் அகலம்தான் தெரியும். பச்சைச் சேலை தெரிந்தது. அம்மாவாக நடித்த பெண் “மனசப் போட்டு ஒழப்பிக்காத கண்ணு” என்றபோது அக்கா என் மனைவி பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்கு மூச்சு கொஞ்சம் இலகுவாக வந்தது.

அருமைக்காரர் கேட்டார்: “இணைச்சீர்காரி யாருங்க? வரச் சொல்லுங்க.”

தம்பி எழுந்து நின்றார். கதவைப் பார்த்தார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. மனதுக்குள் ஒரு கூட்ஸ் வண்டி ஓடத் தொடங்கியது. ஹாலில் சத்தமில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தேன். அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். மடியில் இருந்த பையை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் நாற்காலிப் பிடியில் ஊன்றியிருந்தார். எழுந்து போகப் போகிறார் என்று நினைத்தேன். போதும், இந்த வெட்கக்கேட்டைப் பார்த்தது போதும் என்று நினைத்துவிட்டார், போகட்டும், பொய்யைப் பார்ப்பதற்கு இதைப் பார்த்தது தேவலை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். தம்பி வாயைத் திறக்கவில்லை. சேலை என் பக்கம் வரவில்லை. நீட்டியிருந்த என் கை வெறுமனே இருந்தது. ஆறு வருடப் பழக்கத்தில் என்னை அறியாமலே அதை நீட்டியிருக்கிறேன்.

“பெரியப்பா மக வர்றாளுங்க” என்றார் மேடையில் அம்மா. விளக்கு அணைந்தது.

கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. விளக்கு போட்டதும் பார்த்தேன். எல்லோரும் எழுந்துகொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி பையை நீட்ட, வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். மனது நிறைந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஆறு வருடத்தில் முதல் தடவையாக நாடகம் போட்டுவிட்டுத் தலைநிமிர்ந்து மேடையை விட்டு இறங்கினேன். இப்போது நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

கதவைக் கழற்றுகிற வேலையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு அக்காவை உக்கடத்துக்கு நானே அழைத்துப் போனேன். வெயில் இன்னும் இறங்கவில்லை. உடுமலை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் இடம் பிடித்து உட்காரவைத்துவிட்டுக் கீழே இறங்கி ஜன்னலுக்கு நேராக நின்றேன்.

“நல்லா இருந்துச்சு கண்ணு. அம்மாவா நடிச்ச புள்ள அச்சு அசல் நம்ம அம்மாளேதான். அந்த முந்தானையச் சொருவறது மொதக்கொண்டு” என்றார்.

நான் சொல்லிவிட்டேன். “அக்கா, அன்னைக்கு நான் வாயத் தொறக்கலீங்க. அத உள்ளபடியே வெச்சுட்டேன். உங்க முன்னால பொய் வேண்டாம்னு.”

“அது எனக்குத் தெரியாதா கண்ணு? நான் உள்ளதான இருந்தேன்.”

“அம்மா வந்து, நீங்களே வேண்டாம்னுட்டதாச் சொன்னாங்க.”

“எங்கிட்ட வந்து, நீ வேண்டாம்னுட்டீன்னு சொன்னா. நான் நம்புல.” அக்கா ஜன்னல் கம்பியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். “சம்பந்தியூட்டுப் புள்ள சொல்லுச்சு. நாடகத்துல தம்பி எல்லாருக்கும் முன்னால எந்திரிச்சு நின்னு, ‘அக்கா, வாங்க’ன்னு கூப்புடறாருங்கன்னு. சொல்றப்பவே அந்தப் புள்ளைக்குக் கண்ணுல தண்ணி. சரி, நெசத்துல கேக்கல, நாடகத்துலயாவது அந்தத் தம்பி வாயால கேட்டுப்போட்டு வந்தர்லாம்னுதான் வந்தேன்.”

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“நீ மாத்திப்போட்டயாமா. நாடகம் முடிஞ்சப்பறம் உன்ற பொண்டாட்டி சொன்னா. சரி, உடு.” முழங்கால்மேல் கிடந்த பட்டை உள்ளங்கையால் நீவிவிட்டார். “இந்தச் சேலகூட அதுக்குத்தான் எடுத்தேன். அன்னைக்குக் கட்டிட்டு உள்ள உக்காந்திருந்தேன் பாரு, அதே சேல. நீ கூப்புட்டீன்னா அழுக்குச் சேலையோடவா வந்து நிக்கறது? அதுக்கப்புறம் இன்னைக்குத்தான் பொட்டியத் தொறந்தேன்.”

இடுக்கில் தெரிந்த பச்சை அதுதான். முப்பது வருடம். நாற்காலிப் பிடியில் கையை ஊன்றினது எழுந்து போவதற்கு இல்லை. கூப்பிட்டதும் எழுந்து வருவதற்கு. இரண்டு தடவை அவர் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார், இரண்டு தடவையும் நான் கூப்பிடவில்லை. ஒரு தடவை பயத்தில். ஒரு தடவை யோக்கியனாக இருக்கப் பார்த்து.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. நான் கூடவே நான்கு எட்டு நடந்தேன். முழங்கால் வலித்தது. கூட்டத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

“அக்கா, வாங்க! எறங்கி வாங்கக்கா, ஊட்டுக்குப் போலாம்!”

அக்கா சிரித்துவிட்டார். நன்றாக வாய்விட்டுச் சிரித்தார்.

“இப்பவா கண்ணு? பஸ்ஸ எடுத்துப்போட்டான் பாரு” என்று சொல்லிக்கொண்டே, காற்றில் வெளியே பறந்த சேலைத் தலைப்பை ஜன்னலுக்குள் இழுத்துக்கொண்டார்.